"ஊத்திக் கொடுக்கிறவன்" என்று சொன்னவர்களுக்கு



நீளமான பதிவுதான். ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். முதல் பத்தியோடு நிறுத்திவிட்டு "அருமை சார்" என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் அப்படித்தான் இருந்தீர்கள்.

நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு வாசகம் வந்தது. "கடன் வாங்கிப் படிக்க வச்சாங்க, இப்ப அவன் ஊத்திக் கொடுத்துட்டு இருக்கான்." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அந்த 'அவன்' என் பழைய மாணவன், நமக்குத் தூரத்து உறவும்கூட. பெயரையும் ஊரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், எழுதவில்லை. ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தவன். வெளியூரில் ஒரு பெரிய ஹோட்டலில் பார்டெண்டராக இருக்கிறான். அவனுக்குக் கைகூடி வந்த வரன் ஒன்று இந்தச் சிரிப்பினால் நின்றுபோனது. பெண் வீட்டார் சொன்ன காரணம் இதுதான்: "பையன் தங்கம். ஆனா தொழிலச் சொன்னா நாலு பேரு சிரிப்பாங்களே."

அந்த நாலு பேரும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பவன் இல்லை. கள்ளுண்ணாமை அதிகாரத்தை வருஷா வருஷம் நடத்தியவன். இவ்வளவு வரைக்கும் குடித்தால் ஆபத்தில்லை என்று ஓர் அளவு கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லியிருக்கிறது. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. நாளைக்கே மதுவிலக்கு வந்தால் முதல் ஆளாகக் கை தூக்குவேன். ஆகவே "சார் குடிக்கு வக்காலத்து வாங்குகிறார்" என்று ஆரம்பிக்காதீர்கள். என் கேள்வி வேறு. இத்தனை பேர் குடிக்கிற ஒரு நாட்டில், குடிப்பவனிடம் நாலு கேள்வி கேட்டு, அளந்து கொடுத்து, போதும் என்றும் சொல்லக் கூடியவனைப் பார்த்து ஏன் சிரிக்கிறீர்கள்?

அவன் வேலை என்ன என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாட்டிலைத் தலைகீழாகச் சுற்றுவது, தூக்கிப் போட்டுப் பிடிப்பது என்று சினிமாவில் பார்த்திருப்பீர்கள். நான் அவனிடமே கேட்டேன். ஒரு மணி நேரம் போனில் சொன்னான்.

ஒருவர் வந்து உட்கார்கிறார். அவன் முதலில் பார்ப்பது முகத்தை. வயது 21 ஆகிவிட்டதா? தமிழ்நாட்டில் சட்டப்படி 21, கேரளாவில் 23, டெல்லியில் 25. சந்தேகம் இருந்தால் அடையாள அட்டை கேட்க வேண்டும். இரண்டாவது, இவர் ஏற்கெனவே எங்கேயாவது குடித்துவிட்டு வந்திருக்கிறாரா? நடையிலும் பேச்சிலும் தெரியும். அதற்குப் பிறகுதான் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, "என்ன சாப்பிடுறீங்க சார்?"

பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில், "ஏதாவது நல்லதா ஒண்ணு கொடுப்பா." வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. புளிப்பா, இனிப்பா, கசப்பா? ரம்மா, ஜின்னா, விஸ்கியா? லேசாகவா, கொஞ்சம் தூக்கலாகவா? சாப்பிட்டாச்சா, இனிமேல்தானா? எந்தப் பொருளாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதா?

கடைசிக் கேள்வி சம்பிரதாயம் இல்லை. விஸ்கி சவர் என்று ஒரு கலவை. நுரைக்காக அதில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்ப்பது உண்டு. சைவம் சாப்பிடுகிறவரிடம் அதைச் சொல்லாமல் கொடுத்தால் அது துரோகம். மை டை என்று இன்னொன்று. அதில் பாதாம் சிரப் சேரும். பருப்பு வகை ஒத்துக்கொள்ளாதவருக்கு மூச்சுத் திணறல் வரலாம். லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ என்று ஒன்று. பெயரில்தான் டீ, பார்க்கவும் டீ மாதிரியே இருக்கும். உள்ளே வோட்கா, ஜின், ரம், டெக்கீலா, ஆரஞ்சு மது என ஐந்து வகை. டீ என்று நினைத்துக் கேட்கிறவரிடம், "சார், இதுல டீ கிடையாது, பலமா இருக்கும்" என்று சொல்ல வேண்டியது அவன் கடமை. "எனக்கு மது வேண்டாம், நண்பர்களுக்காகத்தான் வந்தேன்" என்கிறவருக்கு எலுமிச்சையும் புதினாவும் சோடாவும் சேர்த்து, மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே அழகான கிளாஸில் கொடுப்பான். குடிக்காதவரைக் கூட்டத்தில் கேலிப் பொருளாக்காமல் இருப்பதும் அவன் வேலை என்றான். நம் வீட்டுக் கல்யாணங்களில் குடிக்காத மாப்பிள்ளைகளை நாம் என்ன பாடு படுத்துகிறோம் என்பதை நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் கேட்டபின், வாங்கிய ஆர்டரை ஒரு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். "ரெண்டு புளிப்பு, ஒண்ணு முட்டை இல்லாம, ஒண்ணு மது இல்லாதது." சரி என்று அவர் தலையாட்டிய பிறகே கை பாட்டிலைத் தொடும். அதுவும் கைக்கு வந்தபடி ஊற்றுவது இல்லை. ஜிக்கர் என்று ஒரு சின்ன அளவுக் குவளை உண்டு. ஸ்மால் என்றால் 30 மில்லி, லார்ஜ் என்றால் 60 மில்லி. ஒரு சொட்டு கூடக் கூடாது, குறையக் கூடாது.

"ஊத்திக் கொடுக்கிறான்" என்று இரண்டே சொல்லில் முடித்தீர்களே, அதற்குள்ளே இவ்வளவு இருக்கிறது.

மதுரைக்காரர்களுக்கு இது புரியாத விஷயமா? விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா வாங்கப் போனால் "சாதாவா, ஸ்பெஷலா?" என்று கேட்பார்கள். பாலும் கடல்பாசியும் நன்னாரியும் ஐஸ்கிரீமும் எந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரியும். டீக்கடையில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பீர்கள். ஒருவருக்குச் சீனி கம்மி, ஒருவருக்கு டிகாஷன் தூக்கல், ஒருவருக்குச் சீனியே வேண்டாம், ஒருவருக்குப் பால் மட்டும். மாஸ்டர் ஒரு காகிதத்திலும் எழுதுவதில்லை. மாறிப் போனால் மட்டும் சத்தம் போடுவீர்கள். மாறாமல் வந்த பல்லாயிரம் டீக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறீர்களா? கேட்டுச் செய்கிற வேலை எதையும் நாம் வேலையாகவே மதித்தது இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து செய்வதுதான் உத்தியோகம், நின்றுகொண்டு செய்வது எடுபிடி என்ற புத்தி நமக்கு. இந்த ஏளனத்தின் வேர் குடிமேல் உள்ள வெறுப்பு இல்லை. பரிமாறுகிறவன் கீழானவன் என்ற பழைய எண்ணம்தான்.

அதற்கு ஆதாரம் வேண்டுமா? டாஸ்மாக் கடையில் சூப்பர்வைசராக இருப்பவருக்கு இதே சனத்தில் "கவர்மென்ட் உத்தியோகம்" என்று சொல்லிப் பெண் கொடுத்திருக்கிறார்கள். அதில் தவறே இல்லை. அவரும் உழைத்துத்தான் சாப்பிடுகிறார். நான் கேட்பது ஒன்றுதான். விற்கிற சரக்கு ஒன்று. அங்கே மரியாதை, இங்கே சிரிப்பு. இது என்ன கணக்கு?

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். ராஜாஜி முதன்முதலில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது 1937 அக்டோபரில். பிறகு அது மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971இல் விலக்கைத் தளர்த்தினார்கள். 1974இல் மறுபடி மூடினார்கள். 1981இல் மறுபடி திறந்தார்கள். 1983இல் மொத்த வியாபாரத்துக்காக டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. ஒரு கட்சியை மட்டும் குறை சொல்ல இதில் இடமில்லை. மாறி மாறி எல்லாரும் சேர்ந்து வளர்த்ததுதான். 2023-24இல் மட்டும் இதன் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். மதுக்கடையை மூடச் சொல்லி 2015இல் மார்த்தாண்டம் பக்கம் செல்போன் கோபுரத்தில் ஏறிய சசிபெருமாள் ஐயா அந்தப் போராட்டத்திலேயே உயிரை விட்டார்.

அந்த டாஸ்மாக் கடையில் ஆர்டர் எடுப்பது எப்படி என்று உங்களுக்கே தெரியும். கம்பி வலை. அதில் ஒரு சின்னச் சதுர ஓட்டை. பணத்தோடு ஒரு கை உள்ளே போகிறது. "ஒரு குவாட்டர்." பாட்டிலோடு கை வெளியே வருகிறது. என்ன வேண்டும் என்ற கேள்வி இல்லை. இருப்பதுதான் கிடைக்கும். சாப்பிட்டாயா என்ற கேள்வி இல்லை. வண்டியில் வந்தாயா என்ற கேள்வி இல்லை. காலையிலிருந்து இது எத்தனையாவது என்ற கேள்வி இல்லை. முழுக் குவாட்டருக்குக் காசு இல்லாதவர் பக்கத்தில் நிற்கும் முகம் தெரியாதவரைப் பார்த்து "கட்டிங் போடலாமாண்ணே?" என்பார். ஆளுக்கு 90 மில்லி. அந்தக் கடையில் மனிதனை மனிதன் கேட்கிற ஒரே கேள்வி அதுதான்.

உள்ளே நிற்கும் விற்பனையாளரை நான் குறை சொல்லவில்லை. அவர்களில் பட்டதாரிகள் பலர். பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்காகப் போராடுகிறார்கள். பொழுது சாய்ந்தால் கடை வாசலில் நெரிசல். அந்த நெரிசலில் எவரிடம் எதைக் கேட்க முடியும்? கேட்கச் சொல்லி அவருக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? கேட்டு அடி வாங்கினால் யார் துணைக்கு வருவார்கள்?

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். நான் தமிழ் வாத்தியார்தான், ஆனாலும் இந்தக் கணக்கு வரும். ஒரு குவாட்டர் 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். அதாவது உள்ளே சுமார் 77 மில்லி சுத்தமான ஆல்கஹால். அளவுக் குவளைக் கணக்கில் ஆறு ஸ்மால். என் மாணவன் நிற்கும் இடத்தில் அந்த ஆறும் ஆறு தடவையாக வரும். ஆறு தடவையும் ஒரு ஜோடிக் கண்கள் பார்க்கும். நடுவில் தண்ணீர் வரும், சாப்பாடு வரும். நாலாவதில் "சார், கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்க்கலாமே" என்று ஒரு குரல் வரும். கடை வாசலில் அந்த ஆறும் தண்ணீர்ப் பாக்கெட்டோடு ஐந்து நிமிஷத்தில் உள்ளே இறங்கிவிடும். அப்புறம் அந்த மனிதர் வண்டியை உதைத்துக் கிளப்பி, மேலூர்ச் சாலையிலோ திருமங்கலம் சாலையிலோ ஏறுவார். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். அந்தச் சட்டமும் அரசுடையது, அந்தப் பாட்டிலும் அரசுடையது.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னதே, அதில் ஒரு தரப்பு தமிழ்நாடு அரசுதான். அடுத்த வருஷமே அந்தத் தீர்ப்பில் பல தளர்வுகள் வந்துவிட்டன. கடை எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று நாடே விவாதித்தது. கடைக்குள் என்ன பேச்சு நடக்க வேண்டும் என்று யாரும் விவாதிக்கவில்லை.

என் கோபம் இங்கேதான். பெரிய ஹோட்டலில் ஆயிரம் ரூபாய் கொடுத்துக் குடிப்பவரிடம் ஐந்து கேள்வி கேட்கிறார்கள். அவர் உடம்பு, அவர் வயிறு, அவர் வீடு திரும்புவது எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் பொறுப்பாக நிற்கிறான். வாடிப்பட்டியில் நாள் முழுக்க நாற்று நட்டவர், உசிலம்பட்டியில் மூட்டை தூக்கியவர், கூலிக் காசை நீட்டினால் ஒரு கேள்வியும் இல்லை. அவர் மட்டும் மனிதர் இல்லையா? அவர் எக்கேடு கெட்டுப் போனாலும் பரவாயில்லையா? கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். என்ன ஊற்றினான், எவ்வளவு ஊற்றினான், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவும் சொல்லவும் ஆள் இல்லாத இடத்தில், ஏழையின் தொண்டையில் எது வேண்டுமானாலும் இறங்கும்.

உங்கள் பதில்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

"ஹோட்டல்காரன் மட்டும் யோக்கியனா, அவனும் நிறைய விற்கத்தானே பார்ப்பான்?" உண்மை. என் மாணவனும் ஒளிக்கவில்லை. மாதாமாதம் இவ்வளவு விற்க வேண்டும் என்று இலக்கு வைக்கிறார்கள். "இன்னொண்ணு கொண்டு வரட்டுமா சார்?" என்று கேட்கச் சொல்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் "நான் யாருன்னு தெரியுமா?" என்று வாடிக்கையாளர் எகிறுகிறார், மேலாளரைக் கூப்பிடுகிறார். அதனால்தான் இவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள் என்கிறேன். போதும் என்று சொல்ல அவனுக்கு முதுகெலும்பு வேண்டும். ஊரும் உறவும் மதிக்கிற தொழில் என்றால் அந்த முதுகெலும்பு தானாக வரும். "நீ ஊத்திக் கொடுக்கிறவன்தானே" என்று நாமே சொல்லிவிட்டால், அவனும் வெறுமனே ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போவான்.

"வேறு படிப்பா இல்லை?" சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் இருக்கும் ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரிகள் அரசு சார்ந்தவை. உணவும் பானமும் பரிமாறுவது அங்கே பாடம். தேர்வு எழுதி மதிப்பெண் வாங்கியவன் வேலையில் நின்றதும் அது ஏன் இழிவாகிறது?

"சரி, ஆம்பளப் பையன் பரவாயில்ல. பொம்பளப் பிள்ளைங்களும் போகுதாமே?" போகட்டுமே. மும்பையில் ஷத்பி பாசு என்ற அம்மையார் 1980களின் தொடக்கத்திலேயே பார் மேடைக்குப் பின்னால் நின்றவர். பிறகு இந்தத் தொழிலுக்குப் பள்ளியே நடத்தினார். டெல்லியில் 1914ஆம் வருஷத்துப் பஞ்சாப் ஆயத்தீர்வைச் சட்டத்தை வைத்துக்கொண்டு, மது பரிமாறும் இடத்தில் பெண்களும் 25 வயது நிரம்பாத ஆண்களும் வேலை செய்யக் கூடாது என்று தடுத்திருந்தார்கள். அனுஜ் கார்க் வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. பாதுகாப்பு இல்லை என்றால் பாதுகாப்புக் கொடு, பெண்ணின் வேலையைப் பறிக்காதே என்பதுதான் தீர்ப்பின் சாரம். எந்த வேலைக்கும் பொருந்தும் நியாயம் இது. என் மாணவிகள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

"நம் பண்பாட்டில் இதெல்லாம் உண்டா?" என்று ஒரு சித்தப்பா கண்டிப்பாகக் கேட்பார். சித்தப்பா, அதியமான் இறந்தபின் ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டை எடுத்துப் பாருங்கள். அவனுடைய பெருங்குணங்களைச் சொல்ல வந்தவள், கள் கொஞ்சமாக இருந்தபோது அவன் என்ன செய்தான், நிறைய இருந்தபோது என்ன செய்தான் என்பதில்தான் தொடங்குகிறாள். எதிரே இருப்பவரை நினைத்துப் பகிர்கிறவன் உயர்ந்தவன் என்பது நம் பாட்டிலேயே இருக்கிறது. திருக்குறளில் கள்ளுண்ணாமையும் இருக்கிறது. இரண்டும் நம்முடையவைதான். குடியைக் கண்டிப்போம், பரிமாறும் மனிதனை மதிப்போம். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியும்.

நான் கேட்பது மூன்று.

ஒன்று, அரசிடம். கடைகளை மூட மனம் வராதவரை, கம்பி வலைக்குப் பின்னால் நிற்பவருக்குப் பயிற்சி கொடுங்கள். 21 வயது ஆகாதவருக்கும், நிற்க முடியாத நிலையில் வருபவருக்கும் "இல்லை" என்று சொல்லும் அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள். அப்படிச் சொன்னவரை அடிக்க வந்தால் காவல்துறை உடனே வரட்டும். விற்பனை குறைந்தது என்று அவரிடம் விளக்கம் கேட்காதீர்கள்.

இரண்டு, இந்தத் தொழிலில் இருக்கும் என் பிள்ளைகளிடம். துபாயிலும் சிங்கப்பூரிலும் கப்பலிலும் இந்த வேலை பார்ப்பவர்கள் சிலர் உங்களில் இருக்கிறீர்கள், அப்பாவிடம் "ஹோட்டல்ல வேலை" என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறீர்கள். முழுசாகச் சொல்லுங்கள். ஆனால் அந்தத் தொழிலை ஒழுங்காகச் செய்யுங்கள். கேட்காமல் ஊற்றாதீர்கள், அளக்காமல் ஊற்றாதீர்கள். போதும் என்று சொல்ல வேண்டிய நேரத்தில் டிப்ஸை நினைத்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு நீங்கள் என் மாணவர் இல்லை.

மூன்று, சொந்தக்காரர்களிடம். அந்த வாசகத்தைப் போட்டவர் அதை அழித்துவிட வேண்டும். சிரித்தவர்கள் அந்தப் பையனின் அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். மன்னிப்பு என்ற சொல் வாயில் வராவிட்டால் "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றாவது கேளுங்கள், அவர் புரிந்துகொள்வார். நல்ல வரன் தெரிந்தவர்கள் உள்பெட்டியில் எனக்கு எழுதுங்கள். பையனுக்கு 28 வயது. குடிப்பழக்கம் கிடையாது. தொழிலை மறைக்காமல் சொல்லுங்கள்.

கீழே கருத்துப் பெட்டி திறந்தே இருக்கிறது. என்னைத் திட்டலாம். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம். திட்டுவதாக இருந்தாலும் ஒற்றுப்பிழை இல்லாமல் திட்டுங்கள், திருத்திக்கொண்டு உட்கார எனக்குக் கண் சரியில்லை.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா
மதுரை